சுவரோரம் நிற்கும் தையல் இயந்திரம்



பல்லாவரம் முதல் கூடுவாஞ்சேரி வரை ரயில் பாதையை ஒட்டி வாழும் நம் சமுதாயக் குடும்பங்களில் தையல் இயந்திரம் உள்ள வீடுகள் பல. ஒன்று மணப்பெண்ணுடன் சீராக வந்திருக்கும். ஒன்று பாட்டியார் வைத்துவிட்டுப் போனதாக இருக்கும். இன்னொன்று ரமளான் மாதத்தில் ஜகாத் நிதியிலிருந்தோ, 2015 டிசம்பர் வெள்ளத்திற்குப் பின் நிவாரணமாகவோ வந்து சேர்ந்திருக்கும். ஆயினும் அவற்றுள் பல இன்று மடித்த துணிகளையும் பிள்ளைகளின் புத்தகப் பைகளையும் சுமந்துகொண்டு சுவரோரம் நிற்கின்றன. அதே வீட்டுச் சகோதரியர், பிரிந்துபோன பள்ளிச் சீருடைக்கு ஒரு தையல் போடுவதற்காக இரண்டு தெரு தள்ளியுள்ள கடையில் காத்து நிற்கின்றனர்.

இதற்குச் சோம்பலைக் காரணம் காட்டுவோர் உண்டு. நாம் அதை ஏற்கவில்லை. இயந்திரம் வீட்டுக்குள் வருவது வேறு, தையல் வீட்டுக்குள் வருவது வேறு என்பதைத் தையலின் வரலாறு தெளிவாகவே காட்டுகிறது. அந்த வரலாற்றைச் சற்று விரிவாகவும், அதன் முடிவில் ஊசியைக் கையில் எடுக்க விரும்பும் சகோதரியருக்குச் சில நடைமுறைச் செய்திகளையும் இங்கே எழுதுகிறோம்.

முதன்முதலில் ஆடையைத் தைத்து அணிந்தவர் நபி இத்ரீஸ் (அலை) என்று மார்க்க அறிஞர்கள் பலர் குறித்துவைத்துள்ளனர். பெருமானார் (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் கேட்கப்பட்டபோது, தம் ஆடையைத் தாமே தைத்துக்கொள்வார்கள், தம் காலணியைத் தாமே செப்பனிடுவார்கள் என்று அவர்கள் விடையளித்த செய்தி முஸ்னத் அஹ்மதில் உள்ளது. ஊசி பெண்ணுக்கு மட்டும் உரியது என்று எண்ணும் ஆண்கள் இச்செய்தியை ஒருமுறை நிதானமாகப் படிக்கலாம். அன்னை ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள் கைத்தொழிலில் தேர்ந்தவர்கள். தோலைப் பதனிட்டு, அதைத் தைத்து, வந்த வருவாயைத் தர்மம் செய்தார்கள். பெருமானாரின் துணைவியருள் ‘நீண்ட கை’ உடையவர் என்னும் சிறப்பு அவர்களுக்கே உரியதாயிற்று.

தோலும் தையலும் ஒரே வாக்கியத்தில் வருவது நம் வட்டாரத்தாருக்கு வியப்பாக இராது. சிலப்பதிகாரம் புகார் நகரத்து வீதிகளை வருணிக்கையில் துணி தைக்கும் துன்னகாரரையும் தோல் தைப்போரையும் அடுத்தடுத்தே குறிப்பிடுகிறது. நம் குரோம்பேட்டை என்ற பெயரே 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கு இயங்கிய குரோம் லெதர் கம்பெனியால் வந்ததுதான். பல்லாவரம், நாகல்கேணிப் பகுதிகளின் தோல் பதனிடும் கூடங்களும், பெரியமேட்டின் தோல் மண்டிகளும், வாணியம்பாடி, ஆம்பூர் வணிகர்களும் சேர்ந்து உருவாக்கிய தொழில் அது. அதில் முஸ்லிம்களின் பங்கைச் சொல்லாமல் அதன் வரலாற்றை எழுத இயலாது.

துணித் தையலின் நிலை சற்று வேறுபட்டது. சேலை, வேட்டி, கோஷாப் பெண்கள் போர்த்திய வெள்ளைத் துப்பட்டி ஆகியவை தறியிலிருந்து இறங்கியபடியே உடுத்தப்பட்டவை. சட்டையும் ரவிக்கையும் பரவலாகும் வரை, ஒரு சராசரித் தமிழ் வீட்டில் தைப்பதற்கு அதிகம் இருந்ததில்லை. நம் வீடுகளில் மட்டும் ஒரு விதிவிலக்கு இருந்தது. அது கைலி. கடையிலிருந்து வரும் 2 மீட்டர்த் துணியின் இரு முனைகளையும் இணைத்துத் தைத்தால்தான் அது கைலியாகும். இதற்கு ‘மூட்டுதல்’ என்று பெயர். வாப்பாவின் கைலியை மூட்டித் தருவதுதான் எத்தனையோ பெண் பிள்ளைகளுக்கு முதல் தையல் பாடமாக இருந்தது. மேல் முனையைவிடக் கீழ் முனை கால் அங்குலம் வெளியே நீட்டியிருக்குமாறு வைத்து, ஓட்டுத் தையல் போட்டு, நீட்டிய பகுதியை மேலே மடித்துப் பிசிறை உள்ளே அடக்கி மீண்டும் ஒரு வரிசை தைக்க வேண்டும். ஊசி, நூல், நேர்க்கோடு, பொறுமை என்னும் நான்கும் இந்தச் சிறு வேலைக்குள் அடங்கிவிடுகின்றன. இன்று கைலி மூட்டியே விற்கப்படுகிறது. அதனால் ஒரு வேலை மிச்சம், ஒரு பாடம் நட்டம்.

இயந்திரத்தின் கதைக்கு வருவோம். பிரான்சு நாட்டின் திமோனியே என்னும் தையற்காரர் 1830இல் தம் இயந்திரத்திற்குக் காப்புரிமை பெற்றார். தங்கள் பிழைப்பு போய்விடும் என்று அஞ்சிய பாரிஸ் தையற்காரர்கள் மறு ஆண்டே அவரது பட்டறைக்குள் புகுந்து இயந்திரங்களை நொறுக்கினர். அமெரிக்காவில் எலியாஸ் ஹோவ் 1846இலும், ஐசக் சிங்கர் 1851இலும் காப்புரிமை பெற்றனர். இன்று நாம் பயன்படுத்தும் ஊசியின் கண் முனையருகே இருப்பதும், மேல்நூலும் கீழ்நூலும் துணியின் நடுவே பின்னிக்கொள்வதும் அக்காலத்தில் நிலைபெற்றவையே. சிங்கரின் கூட்டாளி எட்வர்ட் கிளார்க் 1856 வாக்கில் தவணை முறையில் விற்கத் தொடங்கியதுதான் இயந்திரத்தைத் தொழிற்கூடத்திலிருந்து வீட்டுக் கூடத்திற்குக் கொண்டுவந்தது. சிங்கர் நிறுவனம் 1877இல் இலங்கையில் கால் ஊன்றியது. இந்தியாவிலும் 1870களிலேயே அதன் விற்பனை தொடங்கிவிட்டது. ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் நகரில் 1885இல் திறக்கப்பட்ட மாபெரும் ஆலையிலிருந்து வந்த கறுப்பு நிற இயந்திரங்கள் இன்றும் சில வீடுகளில் தங்கப் பூவேலை மங்கிய நிலையில் உள்ளன. அந்த ஆலை 1980இல் மூடப்பட்டுவிட்டது. இயந்திரங்கள் மட்டும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

இயந்திரங்களை ஐயத்துடன் நோக்கிய காந்தியடிகள் 1924இல் நிகழ்ந்த ஓர் உரையாடலில் தையல் இயந்திரத்திற்கு மட்டும் விலக்களித்தார். மனைவி கையால் தைத்து வருந்துவதைக் காணப் பொறாமல் சிங்கர் அதை உருவாக்கினார் என்பது அவர் கொண்ட எண்ணம். சிங்கரின் வரலாற்றைப் படித்தவர்கள் இங்கே சற்றுப் புன்னகைப்பர். அவர் பணத்தை நோக்கியே அதில் இறங்கியவர், குடும்ப வாழ்விலும் முன்மாதிரியானவர் அல்லர். ஆயினும் அடிகளின் கருத்தில் ஓர் உண்மை இருந்தது. இழைக்கும் மனிதனின் கையை வேலையற்றதாக்காமல் அக்கைக்குத் துணைநிற்கும் இயந்திரம் இது என்பதே அந்த உண்மை. 1930களின் நடுவில் கல்கத்தாவின் ஜே இன்ஜினியரிங் ஒர்க்ஸ் ‘உஷா’ இயந்திரத்தை உருவாக்கியதும், அயல்நாட்டு விலைக்கு அஞ்சிய நடுத்தர வீடுகளுக்கும் அது எட்டக்கூடியதாயிற்று. 1931இல் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கிய பிறகு, பாரிமுனையின் கோடவுன் தெருவில் துணி எடுத்துக்கொண்டு மாலைக்குள் வீடு திரும்புவது நம் வட்டாரத்தாருக்கு எளிதாகிவிட்டது.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. இயந்திரத்தை விற்ற நிறுவனங்கள், தையல் தெரியாதவருக்கு அதை விற்றால் அடுத்த இயந்திரம் அந்தத் தெருவில் விலைபோகாது என்பதைத் தொடக்கத்திலேயே அறிந்திருந்தன. எனவே அவை தையல் வகுப்புகளையும் சேர்த்தே நடத்தின. உஷா நிறுவனம் 2011 முதல் ஊர்ப்புறப் பெண்களுக்கான தையல் பள்ளிகளைத் தொடங்கியதும் இந்த வழியில்தான். அரசும் இதைப் புரிந்துகொண்டிருந்தது. அரசுப் பள்ளிகளில் தையல் ஆசிரியை என்றே ஒரு பணியிடம் இருந்து வந்துள்ளது. அரசுத் தேர்வுத் துறையின் தொழில்நுட்பத் தேர்வுகளில் தையலுக்கு லோயர், ஹையர் என்று இரு நிலைகள் உண்டு. அந்தச் சான்றிதழை வீட்டு அலமாரியில் பத்திரமாக வைத்திருக்கும் பெரியம்மாக்களும் சாச்சிகளும் நம்மிடையே இருக்கின்றனர். அவர்களிடம் யாரும் கற்கப் போவதில்லை என்பதுதான் குறை.

1984ஆம் ஆண்டு நம் வட்டாரத்திற்கு இருவகையில் முக்கியமானது. அவ்வாண்டில்தான் வண்டலூரில் கிரசண்ட் பொறியியல் கல்லூரி தொடங்கியது. அங்கிருந்து மூன்று ரயில் நிலையம் தள்ளி, தாம்பரம் சானடோரியத்தில், மெப்ஸ் என்று நாம் அழைக்கும் ஏற்றுமதி வளாகமும் அதே ஆண்டில்தான் அமைந்தது. அங்குள்ள ஆயத்த ஆடை ஆலைகள் பெண்கள் பலருக்கு மாதச் சம்பளத்தைக் கொடுத்தன. இதை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் ஆலைத் தையலின் இயல்பு வேறு. ஒரு சட்டை அங்கே பல துண்டு வேலைகளாகப் பிரிகிறது. ஒருவர் நாள் முழுவதும் காலர் மட்டுமே தைப்பார், அடுத்தவர் கை இணைப்பார், இன்னொருவர் காஜா எடுப்பார். வெட்டும் பணி வேறு மேசையில், வேறு கைகளில். பல ஆண்டுகள் உழைத்த ஒரு சகோதரி திருமணத்திற்குப் பின் வேலையை விட்டு வீடு திரும்பும்போது, மிக விரைவாகத் தைக்கும் கை அவருக்கு இருக்கும். ஒரு முழுச் சட்டையை வெட்டித் தைக்கும் அறிவு இராது. ‘எனக்குத் தையல் தெரியும், ஆனால் தைக்க வராது’ என்று இத்தகையோர் சொல்வதை நாம் கேட்டிருக்கிறோம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்த வேலையமைப்பு அவருக்குக் கொடுத்தது அவ்வளவுதான்.

இதற்கு நேர்மாறான முறையில் இயங்குபவை மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்கள். 1985 முதல் சத்துணவு உண்ணும் பள்ளிப் பிள்ளைகளுக்கு வழங்கப்படும் இலவசச் சீருடைகளைத் தைக்கும் பணி சமூக நலத்துறையின் கீழுள்ள இச்சங்கங்களுக்கு அளிக்கப்பட்டது. வெட்டிய துணியை வீட்டுக்கு எடுத்துச் சென்று, பிள்ளைகளைக் கவனித்துக்கொண்டே முழுச் சீருடையாகத் தைத்துத் திருப்பித் தரலாம். கணவரை இழந்த பெண்கள் பலருக்கு இது அடுப்பெரிய உதவியது. சத்தியவாணி முத்து அம்மையார் நினைவாகத் தமிழக அரசு நடத்தும் இலவசத் தையல் இயந்திரத் திட்டமும் கணவரை இழந்தோர், கைவிடப்பட்டோர், ஆதரவற்றோர் போன்றவருக்கே உரியது. அதற்கு விண்ணப்பிப்பவர் தையல் கற்றதற்கான சான்றையும் இணைக்க வேண்டும். முதலில் கற்றிரு, பின்பு கருவி பெறு என்பது அதன் ஒழுங்கு.

நம் ஜகாத் குழுக்கள் பெரும்பாலும் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. மேடையில் இயந்திரத்தைக் கொடுக்கிறோம், படம் எடுக்கிறோம், அத்துடன் முடிந்தது. ஆனால் நம் ஃபிக்ஹு நூல்கள் இதில் மிகத் தெளிவாகவே பேசுகின்றன. 1277இல் மறைந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் தமது அல்மஜ்மூஉ நூலில், கைத்தொழில் உடைய ஏழைக்கு அத்தொழிலின் கருவிகளை வாங்கப் போதுமானதை ஜகாத்தில் கொடுக்க வேண்டும் என்று எழுதியுள்ளார்கள். விலை கூடினாலும் குறைந்தாலும் கணக்கு அதுவே. ‘தொழில் உடைய’ என்னும் சொல்லைக் கவனிக்க வேண்டும். அபூதாவூதில் இன்னொரு செய்தி உண்டு. அதன் அறிவிப்பாளர் தொடரில் பலவீனம் உண்டு எனக் கூறும் அறிஞர்களும் இருக்கின்றனர். உதவி கேட்டு வந்த அன்சாரித் தோழர் ஒருவரின் வீட்டுப் பொருள்களைப் பெருமானார் (ஸல்) இரண்டு திர்ஹத்திற்கு ஏலமிட்டு, ஒன்றுக்கு உணவும் மற்றொன்றுக்குக் கோடரியும் வாங்கச் செய்தார்கள். கோடரிக்குத் தம் கையாலேயே காம்பு பொருத்தினார்கள். விறகு வெட்டி விற்குமாறும், 15 நாள் கழித்து வருமாறும் சொல்லி அனுப்பினார்கள். கருவியுடன் காம்பும், காம்புடன் தவணையும் இருந்தன. ஒரு தையல் இயந்திரத்துக்குக் காம்பு என்பது அதைக் கற்பிக்கும் ஆள்தான். மஹல்லாவில் 5 இயந்திரங்கள் கொடுக்கும் பணத்தில் 4 கொடுத்து, மிச்சத்தை ஒரு தையல் ஆசிரியையின் சில மாதச் சம்பளமாக வைப்பது பற்றிக் குழுக்கள் ஆலோசிக்கலாம். ஆசிரியையின் சம்பளத்தை ஜகாத்திலிருந்து கொடுக்கலாமா, பொது ஸதக்காவிலிருந்துதான் கொடுக்க வேண்டுமா என்பதை உங்கள் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

நம் பெண்களுக்குத் தையல் தெரிந்திருப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. ஆண் தையற்காரரிடம் அளவு கொடுக்கும் சங்கடம் அவர்களுக்கு இல்லை. அளவு ஜாக்கெட்டைக் கொடுத்தனுப்பிச் சமாளிப்பதும், அது சரியாக அமையாமல் பெருநாளுக்கு முந்தைய இரவில் பிரித்துத் தைப்பதும் எல்லா வீட்டிலும் நடப்பவைதான்.

இனி, சுவரோரம் நிற்கும் இயந்திரத்தை எப்படி எழுப்புவது என்று பார்ப்போம். நெடுநாள் ஓடாத இயந்திரத்தை முதலில் மிதிக்கக் கூடாது. வாரைக் கழற்றிவிட்டுக் கைச்சக்கரத்தை மெதுவாகத் தம் பக்கம் சுற்றிப் பார்க்க வேண்டும். இறுகியிருந்தால் பெரும்பாலும் காரணம் உறைந்துபோன பழைய எண்ணெய்தான். தேங்காய் எண்ணெய் விடும் வழக்கம் பல வீடுகளில் உள்ளது. நாளடைவில் அது பிசினாகி இயந்திரத்தைக் கட்டிப்போட்டுவிடும். எண்ணெய் விடும் துளைகளில் இரண்டிரண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு, நூல் கோக்காமல் சற்று நேரம் கையால் சுற்றி, வழியும் கறையைத் துணியால் துடைக்க வேண்டும். அடுப்பை அணைத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில் இதைச் செய்வது நலம். பிறகு தையல் இயந்திர எண்ணெயை மட்டும் விட வேண்டும். பாபின் கேஸைக் கழற்றினால் அதனடியில் பஞ்சுத் தூசி அடையாக இருக்கும். பழைய பல்துலக்கியால் அதை அகற்றினாலே பாதித் தொல்லை தீர்ந்துவிடும். தோல் வார் தளர்ந்து வழுக்கினால் புதிது வாங்கத் தேவையில்லை. அரை அங்குலம் வெட்டிவிட்டு அதே கொக்கியால் மீண்டும் இணைக்கலாம்.

அடுத்தது ஊசி. துருப்பிடித்த, முனை மழுங்கிய ஊசியுடன் போராடி, தமக்குத் தையல் வராது என்று முடிவு செய்துவிட்டவர்கள் பலர். ஊசியின் விலை சில ரூபாய்தான். சாதாரணப் பருத்தித் துணிக்கு 14ஆம் எண், மெல்லிய துணிக்கு 11, ஜீன்ஸ் போன்ற தடித்த துணிக்கு 16 அல்லது 18 பொருந்தும். ஊசியில் நீண்ட பள்ளம் எந்தப் பக்கம் உள்ளதோ அந்தப் பக்கத்திலிருந்தே நூல் கண்ணுக்குள் நுழைய வேண்டும். தட்டையான பக்கம் அதற்கு எதிரே அமையும். ஊசி மாறித் திரும்பியிருந்தால் எவ்வளவு திருகினாலும் தையல் விழாது.

முதல் நாளில் துணி வேண்டாம். நூல் கோக்காமல், கோடு போட்ட நோட்டுத்தாளை வைத்துக் கோட்டின்மேல் துளையிட்டுக்கொண்டே போக வேண்டும். கால்மிதி இயந்திரத்தில் கற்பவருக்கு வரும் முதல் இடர், சக்கரம் திடீரென்று பின்னோக்கிச் சுழல்வது. நூல் கோத்த பின் அப்படி நேர்ந்தால் சிக்கி அறுந்துவிடும். தாளில் 3 நாள் பழகினால் கால் தானாகவே பழகிக்கொள்ளும். நேர்க்கோடு வந்ததும் வளைகோடு, பிறகு சதுரத்தின் மூலைகள். மூலையில் ஊசி துணிக்குள் இறங்கியிருக்கும்போதே அழுத்துக் காலைத் தூக்கித் துணியைத் திருப்ப வேண்டும்.

துணியின் அடிப்புறம் நூல் கொத்துக் கொத்தாக விழுந்தால் எல்லாரும் பாபினைத்தான் குறை சொல்கின்றனர். குற்றம் பெரும்பாலும் மேல்நூலில்தான் இருக்கும். அழுத்துக் காலைத் தூக்கிய நிலையில் மேல்நூலை முழுவதும் உருவி மறுபடியும் கோத்துப் பாருங்கள். இழுவிசைத் தட்டுகளுக்கிடையே நூல் சரியாக அமர்ந்தால் அந்தக் கொத்து மறைந்துவிடும். திருகாணியைத் தொடுவது அதன் பிறகுதான்.

புதுப் பருத்தித் துணியை நனைத்து உலர்த்திய பிறகே வெட்ட வேண்டும். இல்லையேல் முதல் சலவையில் சுருங்கிப் பிள்ளையின் சட்டை பொம்மையின் சட்டையாகிவிடும். பாவு நூல் ஓடும் திசை ஆடையின் நீளத்தோடு பொருந்த வேண்டும். மாற்றி வெட்டினால் தொங்கல் கோணும். முதலில் தைக்க ஏற்றவை தலையணை உறை, மக்தபுக்குப் போகும் பிள்ளையின் குர்ஆன் பை, வாப்பாவின் கைலி ஆகியவை. அடுத்து வீட்டுப் பெண்களின் தொழுகை மக்கனா. அதில் வளைவாக வெட்டும் பழக்கமும் முகச்சுற்று மடிப்பும் வந்துவிடும். அதன் பிறகு, ஒருவருக்குச் சரியாகப் பொருந்தும் பழைய ஆடை ஒன்றைத் தையல் தையலாகப் பிரித்து, துண்டுகளைச் செய்தித்தாளில் வரைந்து வெட்டி வைத்துக்கொள்ளலாம். பேப்பர் கட்டிங் என்று தையற்காரர்கள் சொல்வது இதைத்தான். எந்தத் துண்டு எதனுடன் சேர்கிறது என்பதைப் பிரிக்கும்போதுதான் கண் கற்றுக்கொள்கிறது.

மெப்ஸில் பணியாற்றித் திரும்பிய சகோதரியருக்கு இந்தப் பிரித்தல் பயிற்சி மிகவும் ஏற்றது. கை வேகம் அவர்களிடம் ஏற்கெனவே உள்ளது, வெட்டும் அறிவு மட்டுமே தேவை. பவர் மிஷினில் பழகிய கால் வீட்டு இயந்திரத்தில் அவசரப்படும். முதல் வாரம் வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

2015 வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதி வீடுகளுக்குள் நீர் புகுந்தபோது நனைந்த பொருள்களில் தையல் இயந்திரங்களும் இருந்தன. நனைந்த இயந்திரம் தொலைந்தது என்று எடைக்குப் போட்டுவிட வேண்டியதில்லை. வார்ப்பிரும்பு உடல் வெள்ளத்தால் அழிவதில்லை. சேற்றைக் கழுவி, உடனே ஈரம் துடைத்து, எல்லா மூட்டுகளிலும் எண்ணெய் விட்டுச் சுற்றிக்கொண்டே இருந்தால் பழைய கால்மிதி இயந்திரம் பெரும்பாலும் மீண்டுவிடும். மோட்டார் பொருத்தியதாயின் மோட்டாரைக் கழற்றி மெக்கானிக்கிடம் காட்டும் வரை மின்சாரம் கொடுக்கக் கூடாது. மரப்பலகை உப்பிப்போயிருந்தால் பலகையை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

வீட்டில் இயந்திரமே இல்லாதவர்கள் புதிதுதான் வாங்க வேண்டும் என்பதில்லை. பல்லாவரத்தின் வெள்ளிக்கிழமைச் சந்தை பழைய பொருள்களுக்குப் பேர்போனது. அங்கோ வேறெங்கோ பழைய இயந்திரம் வாங்குவோர், ஜும்ஆவுக்கு நேரம் வைத்துக்கொண்டு காலையிலேயே போய்விடுவது நல்லது. கையோடு ஒரு சாண் துணியும், நூல் சுற்றிய பாபினும், ஒரு புது ஊசியும் எடுத்துச் செல்லுங்கள். கைச்சக்கரம் தடையின்றிச் சுழல்கிறதா, ஊசி இறங்கும் துளையின் விளிம்பு தேய்ந்துள்ளதா, பாபின் கேஸ் உள்ளே ‘கிளிக்’ என்று அமர்கிறதா என்று பாருங்கள். பூச்சு மங்கியிருப்பதைப் பொருட்படுத்த வேண்டாம். அங்கேயே நான்கு அங்குலம் தைத்துப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.